கண்புரைக்கு எந்த லென்ஸ்? முதலில் தூரத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் மாமி இரண்டு வருடமாக வெள்ளைத் துணிகளுக்கு நீலம் போட்டுக்கொண்டே இருந்தார். "எவ்வளவு தோய்ச்சாலும் இந்த மஞ்சள் போகுதில்லை" என்பார். அவருடைய மகன் வேலைக்குப் போட்டுப்போகும் சேர்ட்டுகள் மெல்ல மெல்ல வெளிர்நீலமாகி வந்ததைக் கண்டும் நாங்கள் வாய் திறக்கவில்லை. வலது கண்ணில் புரை எடுத்து, மறுநாள் கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவர், பல்கனிக் கொடியில் காய்ந்த சேர்ட்டைப் பார்த்தபடி நின்றார். "இது எப்ப பிள்ளை வாங்கினது, நீலச் சேர்ட்?" என்று கேட்டார். பிறகு வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் பார்த்தார். வெள்ளை. கையை மாற்றினார். நீலம். புரை என்பது என்னவென்று எனக்குச் சரியாக விளங்கியது அந்தக் கொடிக்குப் பக்கத்தில்தான்.

கண்மணிக்குப் பின்னால் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஒரு வில்லை இருக்கிறது. அதிலுள்ள புரதங்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் வரை அது பளிங்கு மாதிரித் தெளிவு. வயது போகப் போக அந்த ஒழுங்கு குலைந்து புரதங்கள் திரள்கின்றன. வில்லை முதலில் மஞ்சளிக்கும், பிறகு பழுப்பாகும், கடைசியில்தான் வெள்ளையாகும். மஞ்சளித்த வில்லை நீல ஒளியைத் தடுத்துவிடும். இது வருடக்கணக்கில் நடப்பதால் மூளை அதையே வழமையாக எடுத்துக்கொள்கிறது. சிங்களத்தில் இந்த வருத்தத்துக்கு 'ஏஸே சுத' என்று பெயர், கண்ணின் வெள்ளை. அந்த வெள்ளை வெளியே தெரியும் வரை காத்திருந்தால் நாள் மிகவும் பிந்திவிட்டது என்று அர்த்தம்.

காத்திருப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். "இன்னும் முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்ற பேச்சு எங்கள் வீடுகளில் இன்னும் போகவில்லை. அந்தக் காலத்தில் அது சரி. வில்லையை முழுதாக வெளியே எடுத்த நாட்களில் புரை இறுகியிருப்பது வசதியாக இருந்தது. இப்போது நிலைமை தலைகீழ். முற்றிய புரையை உடைக்கக் கூடுதல் சக்தி தேவை, கண்ணின் உட்பகுதி கூடுதலாகக் களைக்கும். அளவுக்கு மீறி முற்றினால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வையையே கெடுத்துவிடலாம். பஸ் நம்பர் தெரியவில்லை, எதிர்வரும் வாகன வெளிச்சம் கூசுகிறது, படியில் கால் தடுமாறுகிறது என்றால் அதுதான் சரியான நேரம். எந்தச் சொட்டு மருந்தும் புரையைக் கரைக்காது. நந்தியாவட்டைச் சாறு விடுவது கிருமியைக் கூப்பிட்டு உள்ளே விடுகிற வேலை.

இன்னொரு குழப்பமும் கொழும்பில் அடிக்கடி கேட்கிறது: "இறந்தவரின் கண்ணா வைப்பார்கள்?" இதற்குக் காரணம் உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் உலகின் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது, அந்தப் பெருமை எங்கள் எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஆனால் தானமாகக் கிடைப்பது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலம். புரைக்கு, மங்கிய வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பது தொழிற்சாலையில் செய்த லென்ஸ்.

அந்த லென்ஸ் வந்த கதை சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர் விமானிகள் சிலரின் கண்ணுக்குள், விமானத்தின் பிளாஸ்ரிக் கூரை உடைந்து துண்டுகள் பாய்ந்தன. சாதாரண அந்நியப் பொருள் என்றால் கண் சிவந்து வீங்கிப் போராடும். இந்தத் துண்டுகளோ வருடக்கணக்கில் சும்மா கிடந்தன. அதைக் கவனித்தவர் லண்டன் சென். தோமஸ் மருத்துவமனையின் ஹரோல்ட் ரிட்லி. அதே வகைப் பிளாஸ்ரிக்கில் லென்ஸ் செய்வித்து 1949 நவம்பர் 29ஆம் திகதி ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அதுவரை புரை எடுத்தவர்கள் சோடாப் போத்தல் அடிபோன்ற கண்ணாடியோடுதான் மிச்சக் காலத்தைக் கழித்தார்கள். கண்ணுக்குள் ஒரு பொருளைக் கொண்டுபோய் வைப்பதா என்று சக வைத்தியர்கள் நீண்டகாலம் ரிட்லியை எதிர்த்தார்கள். பின்னாளில் அவருடைய இரண்டு கண்களிலும் அதே மருத்துவமனையில் லென்ஸ் வைக்கப்பட்டது.

அப்புறம் விலை. ஆரம்பத்தில் இந்த லென்ஸ் ஏழை நாடுகளுக்கு எட்டாத பொருள். அதை மாற்றியதில் மதுரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஓரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தானே லென்ஸ் செய்தது. நூறு டொலருக்கு மேல் விற்ற பொருள் பத்து டொலர் அளவுக்கு இறங்கியது. இன்றைக்கு அந்த லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இதை இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம், சனல் பண்ணி வெளியே காத்திருக்கும் ஆட்கள் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். "இந்தியன் லென்ஸா வைச்சது, அமெரிக்கன் லென்ஸா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். நாங்கள் முதலில் போன ஒரு தனியார் இடத்தில், ஒரு பிள்ளை வந்து ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை மாமியின் கையில் தந்தார். சாதாரணம், நல்லது, மிக நல்லது என்று மூன்று கட்டம், மூன்று விலை. மாமி நாள் முழுக்க என்ன செய்கிறார், வாசிப்பாரா, தைப்பாரா, இரவில் வெளியே போவாரா, ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்றுகூட அந்தத் தாளோடு வந்தவர் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. லென்ஸை விலையால் தரம்பிரித்தால் வயதானவர்கள் என்ன செய்வார்கள்? பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று மலிவானதைச் சொல்வார்கள். பிள்ளைகள் பெற்றவருக்குக் குறை வைக்கக்கூடாது என்று விலை கூடியதைச் சொல்வார்கள். கண்ணைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியது தூரம். கண்ணாடி போடாமல் எந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்? இளம் வயதில் கண்ணின் வில்லை தன் வடிவத்தை மாற்றி மாற்றித் தூரத்தையும் கிட்டத்தையும் பார்க்கும். செயற்கை லென்ஸுக்கு அந்த வித்தை தெரியாது. வைத்த தூரத்தில் நிற்கும். மற்றதெல்லாம் இந்த ஒரு உண்மையைச் சமாளிக்கும் வழிகள்.

ஒரு குவிய லென்ஸ் என்பது ஒரே தூரத்துக்கானது. பெரும்பாலானோருக்கு அதைத் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். வீதி, தொலைக்காட்சி, ஆட்களின் முகம் எல்லாம் கண்ணாடி இல்லாமல் தெரியும். பேப்பர் வாசிக்க இரண்டு, இரண்டரைப் பவரில் வாசிப்புக் கண்ணாடி வேண்டும். ஒளி முழுவதும் ஒரே இடத்தில் குவிவதால் படம் துல்லியம், மங்கல் வெளிச்சத்திலும் நம்பலாம். தாளில் 'சாதாரணம்' என்று போட்டிருந்தது இதைத்தான். உலகில் மிக அதிகம் பேருக்கு வைக்கப்படுவதும் இதுதான்.

ஆனால் எல்லோருக்கும் தூரத்துக்கு வைக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, வெளியில் போகக் கண்ணாடி. வேலைக்கு இருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கல்லை மூக்குக்கு நேரே பிடித்துப் பதிப்பார். நாற்பது வருடம் அவருடைய கையும் கண்ணும் அப்படிப் பழகியவை. அவருக்குப் புரை எடுத்துத் தூரத்துக்கு லென்ஸ் வைத்தால், காலி வீதியின் அந்தக் கரை தெளிவாகத் தெரியும், விரலுக்கிடையில் இருக்கும் கல் தெரியாது. கணக்கின்படி ஒப்பரேஷன் நூற்றுக்கு நூறு வெற்றி. அவருக்கோ தொழிலே அந்நியமாகிப் போகும். இப்படியானவருக்கு இரண்டரை டயொப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) கிட்டப்பார்வையை வேண்டுமென்றே மிச்சம் விட்டு லென்ஸ் வைக்கலாம். அப்போது 40 சென்ரிமீற்றரில் கண்ணாடி இல்லாமல் தெளிவு, வெளியே போக முன்போலவே கண்ணாடி. அதே லென்ஸ், அதே விலை, பவர் மட்டும் வேறு. இதை நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். தையல் வேலை செய்பவர்கள், விடாமல் வாசிப்பவர்கள், சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை உள்ளவர்கள் எல்லோரும் அளவெடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கொஞ்சம் கிட்டத்துக்கும் வைக்கும் முறையும் இருக்கிறது. சிலரின் மூளை இதை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்ளும், சிலருக்குத் தலையிடி. புரை அதிகம் முற்றாதவர்கள் கொண்டாக்ட் லென்ஸ் போட்டு முதலே பரீட்சித்துப் பார்க்கலாம்.

இனி விலை கூடிய பக்கம். பல குவிய லென்ஸின் மேற்பரப்பில் மிக நுண்ணிய வளையங்கள் இருக்கும். அவை உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு பிரிக்கின்றன. மூன்று குவிய வகையில் கொம்பியூட்டர் தூரமும் சேரும். பலர் கண்ணாடியே இல்லாமல் வாழ்கிறார்கள், அது உண்மையான சுகம்தான். ஆனால் பங்கு பிரித்த ஒளி பங்கு பிரித்ததுதான். ஒவ்வொரு தூரத்துக்கும் கிடைப்பது முழுமையல்ல. நிற வேறுபாடு மெலிதாகும், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். சில மாதங்களில் மூளை அதை ஒதுக்கப் பழகும், எல்லோருக்கும் அல்ல. மழை பெய்து நனைந்த காலி வீதியில் இரவு வான் ஓட்டுபவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

அதைவிட முக்கியம் விழித்திரை. சீனி வருத்தத்தால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், மையப்புள்ளி தேய்ந்தவர்கள், கண்ணழுத்த நோய் முற்றியவர்கள் ஆகியோருக்கு ஏற்கெனவே ஒளி போதாது. அதையும் பங்கு பிரிக்கும் லென்ஸை வைத்தால் காசு கொடுத்து மங்கலை வாங்கிய கதையாகிவிடும். கொழும்பில் அறுபது தாண்டியவர்களிடையே சீனி வருத்தம் எவ்வளவு என்பது எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதனால் லென்ஸ் பேசமுன் விழித்திரையைச் சோதித்து ஸ்கான் எடுத்தார்களா என்று கேளுங்கள். மாமிக்கு அந்தத் தாளின் மூன்றாவது கட்டத்து லென்ஸை வைத்திருந்தால் என்னாகியிருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவருடைய விழித்திரையில் சீனியின் தடயங்கள் இருந்தன.

இரண்டுக்கும் நடுவில் குவிய ஆழத்தை நீட்டிய வகை ஒன்று வந்திருக்கிறது. தூரமும் கொம்பியூட்டர் தூரமும் சரி, பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும். வளையத் தொல்லை பொதுவாகக் குறைவு. அலுவலகத்தில் திரையைப் பார்த்து வேலை செய்பவர்களுக்கு நல்ல சமரசம்.

டொரிக் லென்ஸை இந்த வரிசையில் சேர்ப்பதே தவறு என்று நினைக்கிறேன். அது சொகுசுப் பொருள் அல்ல. கண்ணின் முன்படலம் எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாமல் முட்டை வடிவாக இருந்தால் பார்வை இழுபடும், அதைத் திருத்தவே டொரிக். அந்தக் குறை ஒரு டயொப்டருக்கு மேல் இருப்பவருக்குச் சாதாரண லென்ஸ் வைத்தால் தூரத்துக்கும் கண்ணாடி தேவைப்படும். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பல குவியத்தை விட்டுவிட்டு டொரிக்கை எடுப்பேன். ஆனால் அது சரியான கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு பாகை திரும்பினால் திருத்தத்தில் ஏறக்குறைய 3 வீதம் போய்விடும், 30 பாகை திரும்பினால் பயனே இல்லை. படுத்தவுடன் கண் சற்று உருளும் என்பதால்தான் சத்திரசிகிச்சைக்கு முன் இருக்க வைத்துக் கண்ணில் குறியிடுவார்கள்.

எந்த லென்ஸ் என்றாலும் அதன் பவரைத் தீர்மானிப்பது அளவு. சராசரிக் கண்ணின் நீளம் 23, 24 மில்லிமீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் பவர் இரண்டரை டயொப்டர் அளவில் பிழைக்கும். தொடாமல் ஒளியால் அளக்கும் கருவி மிகத் துல்லியமானது, ஆனால் புரை கனத்துவிட்டால் ஒளி உள்ளே போகாது, கேளா ஒலியால்தான் அளக்க வேண்டும். முத்த விட்டதற்குக் கொடுக்கும் இன்னொரு விலை இது. கண் வறண்டிருந்தாலும் அளவு தடுமாறும். அளவில் சந்தேகம் என்று இரண்டாம் முறை வரச்சொன்னால் சலிக்காமல் போங்கள்.

சத்திரசிகிச்சை சிறியது. அதை ஊரில் "லேசர் ஒப்பரேஷன்" என்கிறார்கள், உண்மையில் லேசர் அல்ல. 1967இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் கெல்மன் பல் வைத்தியரின் கருவியைப் பார்த்துக் கண்டுபிடித்த முறை அது: கேளா ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சுவது. மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டு, அதற்குள்ளால் சுருட்டிய லென்ஸ் போய் உள்ளே விரியும், தையல் இல்லை. உண்மையான லேசரை முதற்கட்ட வெட்டுகளுக்குப் பாவிக்கும் விலை கூடிய முறையும் உண்டு. பிரித்தானியாவிலும் பிரான்சிலும் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில் பார்வை முடிவில் அது மேலானதாக வரவில்லை. மறுபக்கம், கையாலேயே புரையை எடுக்கும் சிறுவெட்டு முறையைப் பழையது என்று ஒதுக்கவும் வேண்டாம். நேபாளத்தில் 108 பேரிடம் செய்து 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தின் பின் இரண்டு முறைக்கும் பார்வை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மிகவும் இறுகிய புரைக்குச் சில நிபுணர்கள் அதையே விரும்புவார்கள்.

எங்கே செய்வது? லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பழைய விக்டோரியா ஞாபகார்த்தக் கட்டடம் அங்கே நிற்கிறது. பஸ் கொண்டக்டரிடம் "கண் ஆஸ்பத்திரி" என்றால் போதும். காத்திருப்பு நீளும், 2022 நெருக்கடி போன்ற தட்டுப்பாட்டுக் காலத்தில் இன்னும் நீளும். வேண்டிய லென்ஸ் வகையும் எப்போதும் இருக்காது. தனியாரில் நாள் சீக்கிரம், தெரிவு கூட, செலவும் கூட. எங்கே என்றாலும் சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், இல்லையென்றால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். லென்ஸ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேட்பதும் உங்கள் உரிமை. எந்த நாடு என்பதைவிட அது பயனுள்ள கேள்வி. மடியும் அக்ரிலிக்கா, விளிம்பு சதுரமாக வெட்டப்பட்டதா என்பதையும் கேட்கலாம். சதுர விளிம்பு இருந்தால் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் படலம் மங்குவது குறையும்.

அந்த மங்கலைத்தான் சிலர் "புரை திரும்ப வந்திட்டுது" என்கிறார்கள். புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் பை மாதங்கள், வருடங்கள் கழித்து மங்கலாம். லேசரால் அதில் சிறு துவாரம் இட்டால் சில நிமிடத்தில் சரி. இங்கேதான் லேசருக்கு உண்மையான வேலை.

இரண்டு விடயத்தை மறைக்கவே கூடாது. ஆண்கள் சிறுநீர்த் தடைக்கு டாம்சுலோசின் குளிசை எடுப்பவர்களாக இருந்தால், எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும், வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்திவிடும், முன்கூட்டியே தெரிந்தால் சமாளிக்கலாம். அடுத்தது, சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் நாட்களில் நோவு கூடினாலோ, கண் சிவந்தாலோ, வந்த பார்வை குறைந்தாலோ அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். உள்ளே கிருமி பிடிப்பது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, பிடித்தால் மணித்தியாலங்கள் முக்கியம். 2023இல் நுவரெலியாவில் புரை சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட துளிமருந்தால் பலரின் பார்வை பாதிக்கப்பட்டது எங்களுக்கு மறந்திருக்காது. அதற்காகச் சத்திரசிகிச்சைக்கே பயப்பட வேண்டாம். "ஒரு கண் சிவப்புத்தானே, நாளைக்குப் பார்ப்பம்" என்ற பொறுமைக்குத்தான் பயப்பட வேண்டும்.

மாமிக்குத் தூரத்துக்கான ஒரு குவிய லென்ஸ் வைத்தார்கள், வேறொரு இடத்தில். வைத்தியர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, கண்ணாடி இல்லாமல் எதைப் பார்க்க ஆசை?" மாமி யோசிக்காமல் சொன்னார்: "ஆடிவேலுக்குத் தேர் காலி வீதியால வரேக்க, பல்கனியில நிண்டு பார்க்க வேணும்." பேப்பருக்கு இப்போது வாசிப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலியோடு.

இடது கண்ணுக்கும் திகதி தந்துவிட்டார்கள். முதல் கண்ணின் லென்ஸ் பெயர், பவர், தொடரிலக்கம் அச்சடித்த சிறு அட்டையைக் கட்டாயம் கொண்டுவரச் சொன்னார்கள், முதல் கண்ணில் வந்த முடிவை வைத்துத்தான் இரண்டாவது கண்ணின் பவரைச் சரிபார்ப்பார்களாம். நான் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மாமி அசலை அடையாள அட்டையோடு சேர்த்துத் தன் கைப்பைக்குள் வைத்திருக்கிறார். நீலப் போத்தல் குளியலறைத் தட்டில் அப்படியே இருக்கிறது, திறக்கவில்லை.